பின் சைட் ஆடினால் குற்றம் யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். போன் அடித்தது. என்னோடு பட்டாலியனில் வேலை பார்த்த நண்பரின் மகன். அப்பா போன வழியிலேயே காவல்துறைக்கு வந்து, இப்போது ஆர்மரியில் உதவியாளாக இருக்கிறான்.

"தூங்கிட்டிருந்தீங்களா பெரியப்பா?"

"இல்லப்பா, சொல்லு."

"ஒரு பிஸ்டல்ல பின் சைட் லேசா ஆடுது பெரியப்பா. புதன்கிழமை ஃபயரிங் இருக்கு. ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டா நிக்குமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிவயிற்றில் ஏதோ ஒன்று பிசையவும் செய்தது. சிரிப்பு ஃபெவிக்விக்குக்காக. மற்றது எதற்காக என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. துப்பாக்கி பற்றி எனக்கென்ன என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இது துப்பாக்கியைப் பற்றி மட்டும் இல்லை.

நான் 1979-ல் காவலராகச் சேர்ந்து, ஆர்மரர் பயிற்சி முடித்து, 2014-ல் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் ஆயுதக் கிடங்கில் காலம் தள்ளியவன். வெளியே கேட்டால் "துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்" என்பார்கள். உள்ளே கேட்டால் "எண்ணெய் ஏட்டையா". கையில் எப்போதும் துப்பாக்கி எண்ணெய் வாடை அடிக்கும் என்பதால் அந்தப் பெயர். சோறு பிசையும்போதுகூட அந்த வாடை போகாது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

முதலில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகர்கிற இரும்புப் பகுதிக்கு ஸ்லைடு என்று பெயர். அதன் முன்முனையில் ஒரு சிறு மேடு, அது முன் சைட். பின்முனையில் நடுவில் பள்ளம் விட்ட ஒரு சிறு துண்டு, அது பின் சைட். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட்டை நடுவாக, மட்டமாக நிறுத்தி, இலக்கோடு சேர்த்துப் பார்ப்பதுதான் குறி பார்ப்பது. குண்டு சைட்டைப் பார்த்துப் போவதில்லை, குழல் காட்டும் திசையில் போகிறது. அந்தத் திசையை நம் கண்ணுக்கு எடுத்துச் சொல்வது மட்டுமே சைட்டின் வேலை. அது பொய் சொன்னால் நமக்குத் தெரியாது. நாம் சரியாகத்தான் பார்த்திருப்போம், குண்டு வேறெங்கோ போயிருக்கும்.

எங்கள் காலத்தில் மூத்த அதிகாரிகள் சிலரிடம் பழைய வெப்லி ரிவால்வர் இருந்தது. அதில் பின் சைட் என்று தனித் துண்டே கிடையாது. மேல் தாழ்ப்பாளிலேயே வெட்டிய ஒரு பள்ளம்தான். கழன்று விழ ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எங்கள் கைக்குப் பழகியது இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் தொடங்கி வைத்து, அவர் 1926-ல் இறந்த பிறகு பெல்ஜியத்தில் சேவ் என்பவர் முடித்து, 1935-ல் வெளிவந்த மாடல் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் செய்யப்பட்டது, பிறகு நம் நாட்டிலும் செய்தார்கள். மேகசினில் 13 தோட்டா. உறுதியான, நாணயமான ஆயுதம். அதில் பின் சைட் தனித் துண்டு. ஸ்லைடில் குறுக்காக ஒரு காடி வெட்டி, அதற்குள் பக்கவாட்டில் தட்டி ஏற்றியிருப்பார்கள்.

அந்தக் காடிக்கு டவ்டெயில் என்று பெயர். பழைய அலமாரி டிராயர்களின் மூலையில் தச்சர்கள் போடுவார்களே, அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும், அதே அமைப்புதான். மேல்பக்கமாக இழுத்தால் வராது, பக்கவாட்டில் தட்டினால்தான் வரும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. இரண்டு இரும்பும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதுதான் அதன் பலம். அந்தப் பிடி தளர்ந்தால் எல்லாம் தளர்ந்தது.

ஏன் தளர்கிறது? ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, முட்டி நின்று, மறுபடி முன்னால் பாய்ந்து முட்டுகிறது. அந்தச் சிறு துண்டும் கூடவே இரண்டு முட்டலையும் வாங்குகிறது. கீழே விழுந்த பிஸ்டலில் பெரும்பாலும் அடி வாங்குவதும் பின் சைட்தான். உறையில் இறுக்கமாகச் செருகி எடுக்கும்போது உரசுகிறது. இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அது எங்களைப் போன்ற ஆர்மரர்கள். குறி சரியில்லை என்று ஒருவர் சொன்னால் இந்தப் பக்கம் தட்டுவோம். அடுத்தவர் வந்து சொன்னால் அந்தப் பக்கம் தட்டுவோம். ஒவ்வொரு தட்டலுக்கும் காடி கண்ணுக்குத் தெரியாமல் தேயும்.

எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தப்பும்? கணக்கு எளிது. இந்தப் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 16 செ.மீ. தூரம். இலக்கு 25 மீட்டரில், அதாவது 2,500 செ.மீ. அதைப் பதினாறால் வகுத்தால் ஏறக்குறைய 156. பின் சைட் 1 மி.மீ. வலது பக்கம் நகர்ந்தால் குண்டு 156 மி.மீ. வலது பக்கம் போகும். ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. அரை மி.மீ. என்றால் எட்டு செ.மீ. அரை மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத்தான் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2001-ம் வருடம். நான் அப்போது ஆர்மரியில் ஏட்டு. வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எஸ்.ஐ. வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும். மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார். 25 மீட்டரில் பத்து ரவுண்டு. நான்குதான் மதிப்பெண்ணுக்குள் விழுந்தது. மூன்று டார்கெட்டின் வலது ஓரத்தில். மூன்று தாளிலேயே இல்லை.

ரேஞ்சில் ஒரு சிரிப்பு. பயிற்சி கொடுத்தவர், "டிரிகரை வெடுக்குன்னு இழுக்குறீங்க, அதான்" என்றார். பின்னால் நின்ற ஓர் அதிகாரி, அவர் காதில் விழட்டும் என்றே, "கோலப்பொடி புடிக்கிற கையில பிஸ்டலைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

தேறாதவர் பட்டியலில் அவர் பெயர் எழுதப்பட்டது. அடுத்த வாரம் ஒரு தேர்த்திருவிழா பந்தோபஸ்து. அதற்கு அவருக்கு ஆயுதம் தர வேண்டாம், கூட்டத்தில் கயிறு பிடிக்கும் இடத்தில் நிறுத்தினால் போதும் என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் பிஸ்டலை ஒப்படைக்க ஆர்மரிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை. கையில் சுருட்டிய தாள். தன் டார்கெட்டைக் கிழித்து எடுத்து வந்திருந்தார்.

"ஏட்டையா, இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன். நான் இழுக்கிறேன்னு சொல்றாங்க. இழுத்த மாதிரி எனக்குத் தோணல."

மேஜையில் விரித்தேன். பார்த்ததும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. தாளில் விழுந்த ஏழு ஓட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில். மேலும் கீழுமாக நான்கு விரல் அகலத்துக்குள் அடக்கம். பக்கவாட்டில்தான் நடுவிலிருந்து வலது பக்கமாக எறும்பு வரிசை போலப் போயிருந்தது.

வலது கைக்காரர் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் பிஸ்டலின் மூக்கு கீழே சாயும், கூடவே இடது பக்கம் திரும்பும். குண்டு கீழே, இடது பக்கம் போகும். இது ரேஞ்சில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். இவருடைய குண்டோ வலது பக்கம், அதுவும் உயரம் மாறாமல். அத்தனை பேர் அங்கே நின்றோம், ஒருவர்கூட அந்தத் தாளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம்.

மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்தேன். பிறகு பின் சைட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நகர்ந்தது. கத்தி வெண்ணெயில் நகர்வது மாதிரி. காடியின் ஓரத்திலிருந்து கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டும் இருந்தது.

விளக்கின் அடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். காடியின் விளிம்பில் இரண்டு சிறு குழி. சென்டர் பஞ்ச் அடித்த தடம். அது என் கை. எட்டு மாதத்துக்கு முன்னால் அதே பிஸ்டல் அதே குறையோடு வந்தது. மாற்று சைட் கையிருப்பில் இல்லை. காடிக்கு உள்ளே நாலு, விளிம்பில் ரெண்டு என்று பஞ்ச் அடித்து, இரும்பைக் கொஞ்சம் பிதுக்கி, சைட்டைத் தட்டி இறுக்கி, பதிவேட்டில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அந்த நேரத்தில் நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்க்கிறேன்மா. நீங்க போய்ட்டு வாங்க." அவ்வளவுதான். சைட் ஆடுகிறது என்றுகூடச் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமில்லை. ஒரு மெமோ வரலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேறொன்றுதான் உறுத்தியது. அவர் மட்டும் அன்றைக்குத் தேறியிருந்தால், அந்தப் பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு தேர்த்திருவிழாக் கூட்டத்துக்குப் போயிருப்பார். சுட வேண்டிய நிலைமை வந்திருந்தால், அவர் பார்த்த ஆளுக்குப் பக்கத்தில் நின்ற ஆள்மேல் குண்டு பாய்ந்திருக்கும். அப்போதும் "அந்த அம்மா இழுத்துட்டாங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் இரண்டு குழி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மறுநாள் காலை ரிசர்வ் இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். பிஸ்டலின் நம்பர், குறை, முன்பு செய்த தற்காலிக வேலை, செய்தவன் நான், எல்லாமும். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, நீயா போய் தலையைக் குடுக்குற? சைட் ஆடுச்சு, மாத்திட்டேன்னு எழுதினா போதாதா?" என்றார். போதாது ஐயா என்றேன். என் சர்வீஸில் ஒரு மேலதிகாரியிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு சொல்தான்.

மூன்று வாரம் கழித்து அவருக்கு மறுபடி சுட வாய்ப்புக் கிடைத்தது. பத்துக்கு எட்டு. ஒலிம்பிக் வீராங்கனை ஆகிவிடவில்லை. ஆனால் அங்கே சிரித்தவர்களில் பாதிப் பேரைவிட நன்றாகவே சுட்டார். பட்டியலில் பெயரை அடித்தார்கள். கோலப்பொடிப் பேச்சை மட்டும் யாரும் அடிக்கவில்லை. அது பட்டாலியனுக்குள் பல மாதம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எழுதியதைத் திருத்தலாம், சிரித்ததைத் திருத்த முடியாது.

நான் அவரிடம் நேரில் போய், "அது என் வேலைம்மா, தப்பு என்னுது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு சாயங்காலமே சொல்லியிருந்தா நைட்டு தூங்கியிருப்பேன் ஏட்டையா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் நினைவில் நிற்கிறது.

சரி, கதை முடிந்தது. இனி என் கருத்து. ஓய்வு பெற்றவனுக்குக் கருத்துச் சொல்வதைத் தவிர வேறு வேலை என்ன?

ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா? நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எதையும் தூக்கிப் போட்டதில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசினோம். அம்மி தேய்ந்தால் கொத்த ஆள் வந்தார். குடைக்குக் கம்பி மாற்றினோம். செருப்புக்கு வார் தைத்தோம். ரிப்பேர் என்பது எனக்குத் தொழில் மட்டுமில்லை, மதம் மாதிரி. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், ஆடுகிற பின் சைட்டை ஒட்டுப் போடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. ஓட்டைப் பாத்திரம் ஒழுகும். தேய்ந்த அம்மியில் சட்னி அரைபடாது. அறுந்த வார் காலைத் தடுக்கும். இவையெல்லாம் தங்கள் குறையைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சாமான்கள். ஒட்டுப் போட்டது விட்டுப் போனால் உடனே தெரிந்துவிடும், மறுபடி ஒட்டலாம். ஆடுகிற சைட் அப்படியில்லை. பிஸ்டல் வெடிக்கும், ஸ்லைடு ஓடும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். தப்பு மட்டும் பிடித்திருக்கிறவர் தலையில் விழும். தன் குறையைத் தானே காட்டுகிற சாமானை ரிப்பேர் செய்யலாம். தன் குறையை அடுத்தவர் குறையாகக் காட்டுகிற சாமானை மாற்றிவிட வேண்டும். முப்பத்தைந்து வருடத்தில் நான் கற்றது இதுதான்.

இதற்காகத் தளர்ந்த எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சில மாடல்களில் முன் சைட்டை ஸ்லைடின் உள்பக்கத்திலிருந்து ஒரு சின்னத் திருகு பிடித்திருக்கும். கிளாக் பிஸ்டலில் இப்படி உண்டு. திருகு மட்டும் தளர்ந்திருந்தால் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனில் துடைத்து, நீலநிற லோக்டைட் ஒரு சொட்டு விட்டு, அளவாக முறுக்கி, ஒரு நாள் காய விட்டால் போதும். பிசுக்கைத் துடைக்காமல் எந்த மருந்து விட்டாலும் பிடிக்காது. பலம் காட்டி முறுக்கினால் திருகு அறுந்து உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலை ஆகிவிடும்.

டவ்டெயிலில் ஏறும் சைட் தளர்ந்தால் முதலில் தேய்ந்தது எது என்று பார்க்க வேண்டும், சைட்டா, காடியா? சைட் என்றால் புதியது போடுங்கள். காடி என்றால், கொஞ்சம் பருமனான புது சைட்டை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிப் பொருத்துங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் அரத்தை ஸ்லைடில் வைக்காதீர்கள். சைட் சின்ன துண்டு, கெட்டால் இன்னொன்று. ஸ்லைடு கெட்டால் பிஸ்டலே கெட்டது. என் குருநாதர் சொல்லித்தந்த அளவு ஒன்று உண்டு. புது சைட் கட்டைவிரல் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடிக்குள் போக வேண்டும். அதற்கு மேல் பித்தளைப் பஞ்சும் சுத்தியலும் வைத்துத்தான் போக வேண்டும். முழுவதும் விரலிலேயே போனால் தளர்ச்சி. நுழையவே மறுத்தால் இன்னும் ராவ வேண்டும். ஸ்லைடை வைஸில் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் மரத்துண்டோ தோலோ வைக்க மறக்கக் கூடாது.

பஞ்ச் அடித்துப் பிதுக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கந்துவட்டிக் கடன் மாதிரி. அவசரத்துக்கு உதவும். ஆனால் பிதுங்கி நிற்கிற இரும்பு எவ்வளவு? ஊசிமுனை அளவு. அடுத்த முறை சைட்டைத் தட்டும்போது அது மழுங்கிப் போகும். பிறகு இன்னும் ஆழமாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காடியின் நல்ல இரும்பு கொஞ்சம் போகும். அப்படி அடித்தே ஆக வேண்டும் என்றால், பதிவேட்டில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதாதீர்கள். "தற்காலிகம், சைட் மாற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டது அந்த இரண்டு சொல்தான்.

ஃபெவிக்விக் பற்றிக் கேட்டானே, அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அமைதியாக இருக்கிற பொம்மைக்குச் சரி. ஆயிரம் முறை முட்டி மோதுகிற இரும்புக்கு இல்லை. இதில் இன்னும் மோசம், அது முதல் சில ரவுண்டு வரை நிற்கும். நம்ப வைத்துவிட்டுத்தான் விடும்.

மூன்றாவது, காசே இல்லாத வைத்தியம். சைட்டைச் சரியான இடத்தில் நிறுத்தி, மேஜையில் மணல் மூட்டை வைத்துத் தாங்கிச் சுட்டு, ஐந்து குண்டு ஒரே இடத்தில் கூடுகிறதா என்று பார்த்த பிறகு, சைட்டையும் ஸ்லைடையும் சேர்த்து ஊசிமுனையில் மெல்லிய கோடு ஒன்று கீறி, வெள்ளை பெயின்ட் தடவி விடுங்கள். சைட் நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். 2001-க்குப் பிறகு என் கை பட்ட ஒவ்வொரு பிஸ்டலிலும் இதைச் செய்தேன். மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கால் கிலோ துவரம்பருப்புக்கே அந்தக் கவனம் என்றால், உயிரை எடுக்கிற சாமானுக்கு ஒரு பெயின்ட் கோடு அதிகமா?

"ஸ்பேர் இல்லையே, இன்டென்ட் போட்டால் மாதக்கணக்கில் ஆகுமே" என்று என் தொழில்காரர்கள் கேட்பார்கள். தெரியும். நானும் அதைச் சொல்லித்தான் பஞ்ச் எடுத்தேன். அதற்கு என் பதில், அந்தப் பிஸ்டலில் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனி ரேக்கில் வையுங்கள். எண்ணிக்கை ஒன்று குறையும், மேலே கேள்வி வரும். வரட்டும். கேள்வி வந்தால்தான் ஸ்பேர் வரும். பத்துப் பிஸ்டலில் ஒன்பது நல்லது, ஒன்று ரிப்பேர் என்பது உண்மைக் கணக்கு. பத்தும் நல்லது என்று காட்டுவது பொய்க் கணக்கு, அதற்கு வட்டி கட்டுவது யாரோ ஒரு எஸ்.ஐ. அம்மா.

லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள். மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு வீட்டில் வைஸை எடுக்க வேண்டாம். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, ரிப்பேர் செய்யும் லைசென்ஸ் வேறு. அனுமதி பெற்ற ஆயுதக் கடைக்காரரிடம் கொடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது மட்டும்தான்.

கடைசியாக, அதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் தப்பாகச் சுட்டால் முதலில் தாளைப் பாருங்கள், பிறகு பிஸ்டலைப் பாருங்கள், கடைசியாக ஆளைப் பாருங்கள். நாங்கள் அன்று வரிசையைத் தலைகீழாக்கினோம். ஆள் புதியவர் என்றால், பெண் என்றால், வாய் திறக்காதவர் என்றால், அவர்மேலேயே நம் கண் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தேடத் தோன்றுவதில்லை. கணக்கில் தோற்கிற பிள்ளையை மக்கு என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதற்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது என்று கண்டுபிடிக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

அந்த அதிகாரி அதற்குப் பிறகு எங்கள் ஆர்மரியில் பிஸ்டல் வாங்கும்போதெல்லாம் ஒரு காரியம் செய்வார். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பின் சைட்டில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. முதலில் பின்னால் நின்றவர்கள் "என்ன மேடம், கைரேகை வைக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வரிசையில் நின்ற மூன்று நான்கு பேரும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குத்தும். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நண்பர் மகனிடம் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது இவ்வளவுதான். "ஃபெவிக்விக்கைத் தூக்கி வை. பிஸ்டலைத் தனியா வை. எழுதிக் குடு. போன தடவை அதைச் சுட்டது யாருன்னு பதிவேட்டைப் பார்த்து, அவங்ககிட்ட இன்னைக்கே போய்ச் சொல்லு, நாளைக்கு இல்ல."

வியாழக்கிழமை மறுபடி பேசினான். எழுதிக் கொடுத்ததற்குக் கொஞ்சம் திட்டு வாங்கினானாம். பிஸ்டலைத் தனியாக வைத்துவிட்டார்களாம். போன தடவை அதைச் சுட்டவர் புதிதாக வந்த பையன், அவனுக்கும் மதிப்பெண் குறைந்திருந்ததாம்.

"சொன்னியா?"

"சொன்னேன் பெரியப்பா. ஒண்ணும் பேசல. சிரிச்சான்."

எனக்கு அது போதும்.